தீர்ப்பை நிறைவேற்றுவோர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஷெரிஃப் பதவி சிதறிய வரலாறு

கோலாலம்பூரின் பங்சாரில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் பிரிக்பீல்ட்ஸ் மாவட்டக் காவல் தலைமையகத்தைச் சேர்ந்தவர்கள் விசாரிக்கிறார்கள். அதே தெருவில் ஒரு கடைக்காரர் மாதக்கணக்கில் வாடகை செலுத்தாமலிருந்தால் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் ஊழியரான பெய்லிஃப் வந்து கடையிலுள்ள பொருள்களைப் பட்டியலெடுக்கிறார். தண்டனை பெற்றவரைச் சிறைத்துறை வைத்துக் காக்கிறது. வங்கிக்கு அடமானம் வைக்கப்பட்டுக் கடன் தவறிய வீட்டை, அதன் பட்டா எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து, உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ ஏலத்துக்கு விடுகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவான கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வேலைகளில் பெரும்பகுதியை ஷெரிஃப் என்னும் ஒரே அதிகாரியின் அலுவலகம் ஏற்றுச் செய்கிறது; பெரும்பாலான மாநிலங்களில் அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்கா, மலேசியா ஆகிய இரண்டு நாடுகளும் இந்த முறையை இங்கிலாந்திடமிருந்தே பெற்றன என்றாலும், அமெரிக்காவில் முழுதாக வளர்ந்து நின்ற பதவி கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கைந்து அலுவலகங்களாகப் பிரிந்துபோனது. அந்தப் பிரிவினையின் வரலாறு இங்குள்ள தமிழரின் கடன், நிலம், கூலி ஆகிய மூன்றோடும் பின்னிக் கிடக்கிறது.

ஷெரிஃப் முதலில் இங்கிலாந்து மன்னரின் ஆளாக இருந்தார். ஷயர் எனப்பட்ட ஒவ்வொரு மாவட்டத்திலும் வரி திரட்டுவது, ஆள் திரட்டுவது, குற்றவாளியைப் பிடிப்பது, மன்னரின் ஆணையைக் கொண்டு சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. மாவட்டத்தின் வருவாய்க்கு ஈடாக ஒரு தொகையை அரசுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தைத் தாமே வைத்துக்கொள்ளும் குத்தகை முறையும் வழக்கில் இருந்ததால், பதவி கொள்ளைக்கு வழியாயிற்று. 1170-இல் இரண்டாம் ஹென்றி ஷெரிஃப்கள்மீது விசாரணை நடத்திப் பெரும்பாலோரை நீக்கினார். 1215-இல் வெளியான மாக்ன கார்ட்டா என்னும் உரிமைச் சாசனம், ஷெரிஃப் தாமே பெருங்குற்ற வழக்குகளை விசாரிக்கக் கூடாது என்றும், உடையவர் சம்மதமின்றி அவருடைய குதிரையையோ வண்டியையோ எடுக்கக் கூடாது என்றும் தடுத்தது. பிறகு ஒருவர் ஓராண்டுக்கு மேல் ஷெரிஃபாக நீடிக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. தீர்ப்புச் சொல்பவர் வேறு, அதை நிறைவேற்றுபவர் வேறு என்ற பாகுபாடு இப்படி மக்களின் முறையீட்டிலிருந்து பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பதவியைத் தன் துறைமுக நகரங்களுக்குக் கொண்டுவந்தது. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தபோது, அழைப்பாணை சேர்ப்பது, ஜூரிகளை, அதாவது வழக்கின் உண்மை பொய்யைத் தீர்மானிக்கும் பொதுமக்களை, வரவழைப்பது, தீர்ப்புப்படி பொருளைக் கைப்பற்றுவது, கைதிகளைக் காப்பது ஆகியவற்றுக்காக ஷெரிஃப்கள் நியமிக்கப்பட்டார்கள். காலப்போக்கில் உண்மையான வேலைகள் காவல்துறைக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் போய்விட, சென்னை ஷெரிஃப் பதவி நகரப் பிரமுகருக்குக் கிடைக்கும் ஓராண்டு மரியாதையாகச் சுருங்கி, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. பம்பாயிலோ திலீப் குமாரும் சுனில் கவாஸ்கரும்கூட அந்த மரியாதையைப் பெற்றார்கள். சென்னையில் உரிமையியல் தீர்ப்பின் கடுமையான வேலை, ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியரான அமீனாவின் தலையில் விழுந்தது.

மலாயாவுக்கு ஷெரிஃப் வந்த வழி பினாங்கு. 1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கைக்கொண்ட பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே ஒழுங்கான சட்ட அடித்தளம் இல்லை. கொலைகாரனைத் தண்டிக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்விக்குரியதாக இருந்தது. 1807 மார்ச் 25 அன்று வழங்கப்பட்ட நீதிச் சாசனம் முறையான நீதிமன்றத்தை ஏற்படுத்தியபோது, அதன் கைகால்களாகச் செயற்பட ஷெரிஃப் பதவியையும் ஏற்படுத்தியது. 1826-இன் இரண்டாம் சாசனம் இந்த ஏற்பாட்டைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் நீட்டித்தது. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட இந்த மூன்று ஊர்களிலும் ஆங்கிலச் சட்டம் அப்படியே இறங்கியதால், ஷெரிஃபும் கூடவே இறங்கினார்.

கிள்ளான் பள்ளத்தாக்கு அமைந்துள்ள சிலாங்கூரின் வழி வேறு. அது குடியேற்றமாக இல்லாமல் சுல்தானின் நாடாக இருந்தது. ஊர்த்தலைவரான பெங்ஹுலு சிறு வழக்குகளைத் தீர்த்தார். ஈய வயல்களில் கூடிய சீனரைக் கப்பித்தான் சீனா என்ற பட்டம் பெற்ற தலைவர் அடக்கியாண்டார். கோலாலம்பூரில் அப்பட்டம் பெற்ற யாப் ஆ லோய் தமது காவலர்களையும் சிறையையும் தாமே வைத்திருந்தார். தீர்ப்புச் சொன்னவரும் அவரே, அதை நிறைவேற்றியவரும் அவரே. இங்கிலாந்து மாக்ன கார்ட்டாவில் பிரிக்க முயன்ற இரண்டு அதிகாரங்களும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தன. 1867 முதல் 1873 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்து, பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக இருந்து உண்மையில் ஆட்சியை நடத்திய அதிகாரி, வந்த பிறகு இந்த நிலை மாறத் தொடங்கியது. 1875-இல் சிலாங்கூர்க் காவல்படைக்குத் தலைமையேற்ற ஹாரி சார்ல்ஸ் சையர்ஸ், 1896-இல் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து ஐக்கிய மலாய் மாநிலங்களானபோது அக்கூட்டமைப்பின் முதல் காவல் ஆணையரானார். நிலவரியும் பட்டாவும் மாவட்ட அதிகாரியின் மேசைக்குச் சென்றன. சிறைக்கென 1890களில் கோலாலம்பூரின் புடுவில் தனிக் கட்டடம் எழுந்தது.

இங்கு இயற்றப்பட்ட சட்டங்களிலும் ஷெரிஃபுக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. சிலாங்கூரின் குற்றவியல் சட்டமும் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் பெரும்பாலும் இந்திய மாதிரியில் அமைந்தன. அம்மாதிரியில் தீர்ப்பை நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் சிற்றலுவலரின் வேலையே. கவுண்டியைப் போல ஒரு பிரதேசத்துக்குப் பொறுப்பான ஷெரிஃப் கோலாலம்பூரில் ஒருநாளும் ஆட்சி செய்யவில்லை. காவல், சிறை, நிலம், நீதிமன்றம் என்று தனித்தனித் துறைகளாக வளர்ந்த காலனிய நிர்வாகத்தில் ஷெரிஃபுக்கு மிஞ்சியது நீதிமன்றத்தின் உள்ளறை மட்டுமே. ஜூரி வரவழைக்கும் பழைய வேலையும் 1995 ஜனவரி 1 முதல் மலேசியாவில் ஜூரி முறை ஒழிந்ததோடு முடிந்தது.

ஆனால் அந்த உள்ளறையிலிருந்து புறப்பட்ட ஆணைகள் தமிழரின் வாழ்வைத் தொட்டன. இன்று பங்சார் என்று அழைக்கப்படும் மேட்டுநிலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1906-இல் லண்டனில் பதிவான கோலாலம்பூர் ரப்பர்க் கம்பெனியின் தோட்டங்களுள் அது ஒன்று. பால்மரம் சீவிய தமிழர் லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெருவிலிருந்த தங்கள் கிட்டங்கிகளிலிருந்து நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் நோட்டெழுதிக் கடன் கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்குப் பறிகொடுக்க நிலம் ஏதும் இல்லை. நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கிய மலாய்ச் சிறு விவசாயிக்கும் சீனச் சிறு தோட்டக்காரருக்கும் அது இருந்தது. சிலாங்கூரில் 1891-லேயே பதிவேட்டை ஆதாரமாகக் கொண்ட பட்டா முறை வந்துவிட்டதால், கடன் தவறினால் நிலத்தை விற்கும் வழி தெளிவாகவும் விரைவாகவும் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஏராளமான சிறு நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்குப் போக நேர்ந்தது. ஐக்கிய மலாய் மாநில அரசு 1931-இல் சிறு நிலங்களை ஏலத்தில் விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்றியது. மலாய் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க 1913-இல் தொடங்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933-இல் திருத்தியமைக்கப்பட்டு மேலும் இறுகியது. எந்தச் சொத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று நிறைவேற்றும் அதிகாரியின் கைக்கு எல்லை வகுத்த சட்டங்களுள் இவை முக்கியமானவை. நகரத்தாரின் மலாயா வரலாற்றை எழுதுவோர் இச்சட்டங்களைக் கடன் கொடுத்தவரின் இழப்பாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் ஏலத்துக்குப் போகக் கூடாது என்ற நியாயமும் அவற்றுள் இருந்தது.

இன்றைய மலேசியாவில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த நீதிமன்ற விதிகளில் ஷெரிஃப் என்ற பெயர் இருக்கிறது; அதன் பொறுப்பை உயர் நீதிமன்றப் பதிவாளரும் அவருக்குக் கீழுள்ள பெய்லிஃப்களும் வகிக்கிறார்கள். பணம் தர வேண்டும் என்று தீர்ப்புப் பெற்றவர், எதிர்த்தரப்பு தராவிட்டால், கைப்பற்றி விற்கும் ஆணையை வாங்குகிறார். வண்டிச் செலவு, காவலாள் கூலி போன்றவற்றுக்கு முன்பணம் கட்டிய பிறகு ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அன்று பெய்லிஃப் ஆணையோடு வாசலுக்கு வருகிறார். பெரும்பாலும் வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் கூடவே வந்து வீட்டை அடையாளம் காட்டுகிறார். தொலைக்காட்சி, சோபா, குளிர்பதனப் பெட்டி என்று ஒவ்வொன்றும் பட்டியலில் ஏறுகிறது. அதன் நகல் கடன்பட்டவரிடம் தரப்படுகிறது. குறித்த கெடுவுக்குள் பணம் வராவிட்டால் அவை ஏலம் போகின்றன. பட்டியலெடுக்கும் வேளையில் மனைவி இது தன் பொருள் என்பதும், தவணைக் கம்பெனி வந்து இது இன்னும் எங்களுடையது என்பதும் வழக்கம். அப்போது பெய்லிஃப் தாமாகத் தீர்மானிக்க முடியாது. உரிமை கோருவோரையும் தீர்ப்புப் பெற்றவரையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, பொருள் யாருடையது என்று கேட்கும் தனி நடைமுறை தொடங்குகிறது.

கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பது பழைய கேள்வி. 1604-இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட செமெய்ன் வழக்கு, மன்னர் ஒரு தரப்பாக இல்லாத பணவழக்கில் ஷெரிஃப் ஒருவருடைய வீட்டின் வெளிக்கதவை உடைக்கக் கூடாது என்றது. அந்தக் கொள்கையின் நிழல் கோலாலம்பூரில் இன்றும் இருக்கிறது: கதவு திறக்கப்படாவிட்டால், உடைத்து நுழைய நீதிமன்றத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். காவலாளி நிற்கும் பங்சார் அடுக்குமாடிகளுக்கும் மலிவு விலைக் குடியிருப்புகளுக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது. வாசலை அடைவதில் உள்ள சிரமம் மட்டும் ஒன்றல்ல.

வாடகை பாக்கிக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் வாடகைப் பறிமுதல் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத வாடகைக்காக, குடியிருப்பவருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே வீட்டுக்காரர் நீதிமன்றத்திடம் ஆணை பெறலாம். இந்தத் திடீர்த்தன்மைதான் கடைத்தெருவில் அதன்மீது இருக்கும் அச்சத்துக்குக் காரணம். என்றாலும் குடும்பத்தாரின் உடுப்பும் படுக்கையும் பறிமுதலுக்கு விலக்கு. அவ்வாறே பழுதுபார்க்கவோ தைக்கவோ பிறர் கொடுத்துவைத்த பொருளுக்கும் காப்பு உண்டு. தையற்கடைக்காரர் வாடகை தராத குற்றத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர் துணியை இழக்க வேண்டியதில்லை.

ஷெரிஃப் என்ற பெயர் முழு மிடுக்கோடு இன்றும் ஒலிக்கும் இடம் துறைமுகம். போர்ட் கிள்ளானில் நிற்கும் ஒரு கப்பல்மீது கடனுக்காகவோ சரக்குச் சேதத்துக்காகவோ வழக்குத் தொடுத்தால், உயர் நீதிமன்றம் அந்தக் கப்பலையே கைது செய்ய ஆணையிடலாம். ஷெரிஃபின் ஆள் ஆணையைக் கப்பலின் பாய்மரத்திலோ மேற்கட்டுமானத்தின் வெளிப்புறத்திலோ சற்று நேரம் ஒட்டிவைத்து, பின் நகலை அங்கே விட்டுவருகிறார். அந்தக் கணம் முதல் கப்பல் நீதிமன்றத்தின் காவலில் இருக்கிறது. கைது கேட்டவர் காவல் செலவை ஏற்பதாக உறுதி எழுதித்தர வேண்டும். கப்பல் விற்கப்பட்டால் ஷெரிஃபின் செலவு முதலில் கழியும். பிறகு மாலுமிகளின் சம்பள பாக்கி, கப்பலை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்த வங்கிக்கு முன்னால் நிற்கும். ஊதியம் கிடைக்காமல் அயல்நாட்டுத் துறைமுகத்தில் தவிக்கும் மாலுமிக்குக் கடல்சார் சட்டம் நெடுங்காலமாகக் காட்டிவரும் பரிவு இது.

தோட்டத் தொழிலாளிக்கும் இதையொத்த ஒரு காப்பு மலேசியச் சட்டத்தில் உண்டு என்பது பரவலாகத் தெரியாதது வருத்தத்துக்குரியது. அவருடைய நினைவில் நீதிமன்ற ஆணை என்பது வெளியேற்றத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது, வேலை முடிந்ததும் லயத்தில் குடியிருக்கும் உரிமையும் முடிந்தது என்ற வாதத்தின்மேல் நில உரிமையாளர்கள் நீதிமன்ற விதிகளின் 89-ஆம் கட்டளை வழங்கும் விரைவு நடைமுறையைப் பயன்படுத்தி நிலத்தை மீட்டார்கள். அந்த ஆணையை நிறைவேற்ற வந்தவரும் பெய்லிஃபே. ஆனால் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அடமானம் பெற்றவர் கேட்டு நீதிமன்றம் முதலாளியின் சொத்தை விற்கும்போது, அங்கு உழைத்தவரின் நான்கு மாதங்களுக்கு மேற்படாத கூலி பாக்கியைத் தீர்த்த பிறகே மிச்சத்தைக் கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி தொழிலாளர் துறை அதிகாரி கூலிக்காகப் பிறப்பிக்கும் ஆணையை செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதிவுசெய்து, தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். அதாவது லயத்துக்கு வந்த அதே பெய்லிஃபை முதலாளியின் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். அப்படி அனுப்ப, முதலாளியின் பொருள் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும், புறப்பாட்டுச் செலவுக்கு முன்பணமும் கட்ட வேண்டும். சம்பளமே கிடைக்காத தொழிலாளியிடம் அந்த முன்பணத்தை எதிர்பார்ப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. தொழிற்சங்கமோ சட்ட உதவி மையமோ அதை ஏற்கும் இடங்களில்தான் 1955-இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவு கூலியாகக் கைக்கு வருகிறது.