காலம்: ஓவியத்திலும் திரைப்படத்திலும்

ஓவியம் அசையாது, ஆகவே அது ஒரு நொடியைத்தான் காட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓவிய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒரே படத்தில் ஒரே ஆளை இரண்டு மூன்று இடங்களில் வரைந்து கதையை நகர்த்துவது பழைய வழக்கம். புளோரன்ஸ் நகரின் பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ 1420-களில் தீட்டிய 'வரிப்பணம்' சுவரோவியத்தில், நடுவில் இயேசு சொல்வதைப் பேதுரு கேட்கிறார். இடப்பக்கம் மீன் வாயிலிருந்து காசை எடுக்கிறார். வலப்பக்கம் அதை வரி வசூலிப்பவரிடம் கொடுக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையின் உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியம் இதைவிட ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு மூத்தது. நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்துகிடந்த அதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில் சுந்தரர் கதை கீழிருந்து மேலாக ஏறுகிறது. கீழே கல்யாணச் சமையல். அதற்கு மேல், கிழவராக வந்த சிவன் ஓலையைக் காட்டி வழக்காடும் சபை. உச்சியில் வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகிறார்கள். பார்ப்பவர் தலை நிமிர நிமிர ஒரு வாழ்நாளே கடந்துவிடுகிறது. ஓவியம் இடத்துக்குரியது, கவிதை காலத்துக்குரியது என்று ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766-இல் 'லாவோகூன்' நூலில் வகுத்தார். அந்த வரையறை இந்தச் சுவரின் முன் நிற்காது.

பொழுதையே பொருளாக்கியவர் மோனே. 1892, 1893 ஆண்டுகளில் ரூவான் பேராலயத்துக்கு எதிரே அமர்ந்து, வெயில் நகர நகரக் கித்தானை மாற்றி மாற்றி வரைந்தார். முப்பதுக்கு மேற்பட்ட அந்த வரிசையில் 20 ஓவியங்கள் 1895 மே மாதம் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஊரில் அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரைப்படம் காட்டினர்.

அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடந்தது நடந்தபடியே ஓடியது. காலத்தை வெட்டவும் சுருக்கவும் சினிமா மெல்லத்தான் கற்றது. போர்ட்டரின் 'அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை' (1903) படத்தில் ஒரு பெண்ணையும் குழந்தையையும் மீட்பது அறைக்குள்ளிருந்து முழுவதும் காட்டப்படுகிறது. பிறகு அதே மீட்பு தெருவிலிருந்து முதலிலிருந்து மறுபடி நடக்கிறது. 1941-இல் வந்த ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்திலோ, காலை உணவு மேசை ஒன்றே பல ஆண்டு மணவாழ்க்கையைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. முதலில் கொஞ்சிப் பேசும் தம்பதி, முடிவில் நீண்ட மேசையின் இரு முனைகளில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். மனைவி கையில், பத்திரிகை அதிபரான கணவருக்குப் போட்டியான பத்திரிகை. இதற்கு நேர்மாறாக ஆண்டி வார்ஹோல் 1964-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை மட்டுமே காட்டி எட்டு மணி நேரப் படம் எடுத்தார்.

இரு கலைகளும் நேருக்கு நேர் நிற்பது விக்டர் எரிசேயின் 'குவின்ஸ் மரத்தின் சூரியன்' (1992) படத்தில். 1990 இலையுதிர் காலத்தில், மாட்ரிட்டில் தம் வீட்டுத் தோட்டத்து குவின்ஸ் மரத்தை ஓவியர் அந்தோனியோ லோப்பெஸ் வரைகிறார். நிற்கும் இடம் மாறாதிருக்க மண்ணில் ஆணி அடிக்கிறார், தூக்குக்குண்டு தொங்கவிடுகிறார், பழங்களிலும் இலைகளிலும் வெள்ளைக் கோடு இடுகிறார். பழங்கள் கனத்துக் கோடுகள் கீழிறங்குகின்றன, மழையும் வந்துவிடுகிறது. வண்ண ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். பழங்கள் உதிரவே அதையும் நிறுத்துகிறார். தேதிகளைத் திரையில் எழுதிக் காட்டியபடி அத்தனை நாட்களையும் பின்தொடரும் இப்படத்துக்குக் கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு கிடைத்தது.