சம்பளம் ஏறினால் சொக்சோ போய்விடுமா?

பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பெரியவர்களுக்கு மாதச் சம்பளம் நிலையாக இருந்ததில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். வேலையில் அடிபட்டால் 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி நட்ட ஈடு தர வேண்டும். ஊனத்திற்கு மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். கடைக் கடனை அடைத்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் தொடங்கிய சொக்சோ இதை மாற்றியது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா கட்டினர். வேலை விபத்துக்கு இலவச வைத்தியம், நிரந்தர ஊனத்திற்கு உதவித்தொகை, தொழிலாளி இறந்தால் குடும்பத்திற்குப் பென்ஷன் என்று ஏற்பட்டது. அன்றைய சம்பள வரம்பு மாதம் 500 வெள்ளி. பால் வெட்டுபவருக்கு அது எட்டாத தொகை!

பின்னர் சம்பளம் ஏற ஏற, "வரம்பைத் தாண்டினால் பாதுகாப்பு போய்விடுமோ?" என்ற அச்சமும் எழுந்தது. வீண் அச்சம்தான். ஒருமுறை சந்தா கட்டியவர், சம்பளம் உயர்ந்தாலும் உறுப்பினரே என்பது விதி. உண்மையில் வெளியே நின்றவர்கள், முதல் வேலையிலேயே வரம்புக்கு மேல் சம்பளம் பெற்றவர்கள். தோட்டத்தில் பிறந்து, படித்து, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் நல்ல பதவியில் சேர்ந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வரம்பு 2005இல் 3,000 வெள்ளியானது. 2016 ஜூனில்தான், எவ்வளவு சம்பளமானாலும் சேர்வது கட்டாயம் என்றாயிற்று. 2024 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள 6,000 வெள்ளி, சந்தாவையும் உதவித்தொகையையும் கணக்கிடுவதற்கான உச்சவரம்பு மட்டுமே.

என் கருத்தில், சம்பளம் ஏறுவதைவிட அது குறைத்துக் காட்டப்படுவதே ஆபத்து. ஒருவர் மாதம் 2,400 வெள்ளி சம்பாதிக்கிறார். மிகைநேரப் பணம் 600ஐ விட்டுவிட்டு 1,800க்கே சந்தா கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை விழுக்காட்டுக் கணக்கில் தொழிலாளிக்கு மிச்சம் 3 வெள்ளி. ஒன்றே முக்கால் விழுக்காட்டில் முதலாளிக்கு மிச்சம் 10 வெள்ளி 50 காசு. ஆனால் கை முறிந்து வீட்டில் கிடந்தால், தினசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடுதான் உதவித்தொகை. விபத்துக்கு முந்திய ஆறு மாதச் சந்தாவை வைத்தே அதைக் கணிப்பார்கள். 64 வெள்ளி வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 48தான் வரும். ஒரு மாதத்தில் 480 வெள்ளி நட்டம். நோயால் உழைக்க இயலாதவருக்குரிய பென்ஷனும் சந்தா கட்டிய சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரைதான்.

ஆகவே சம்பளச் சீட்டில் மிகைநேரப் பணமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு போனஸ் இக்கணக்கில் சேராது.