பல்கலைக்கழக நூலகமும் ஆசிரியர் படைப்புத் தொகுப்பும்: வீரபாண்டி வரலாற்றுத் தேடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக நூலகங்கள் தம் ஆசிரியர்களும் பணியாளர்களும் எழுதிய நூல்களைத் தனித்தொகுப்பாகப் பேண முற்படும்போது, எழுதியவர், அவர் அப்போது வகித்த பணி, நூலை வெளியிட்ட நிறுவனம் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டே நிற்கும் என்ற எண்ணம் அடிப்படையாகிவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டுத் தமிழாய்வு வரலாற்றில் இம்மூன்றும் பெரும்பாலும் பிரிந்தே நின்றன. அப்பிரிவினால் தொகுப்பில் நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

நான்கு வீரபாண்டியர்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் வழியில், முல்லையாற்றங்கரையில் அமைந்துள்ளது வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவால் தென்மாவட்டங்களில் அறியப்பட்ட ஊர் இது. கண்ணொளி இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கு வழிபட்டுப் பார்வை பெற்றான் என்று தலவரலாறு கூறுகிறது. அருகிலுள்ள கண்ணீசுவரமுடையார் கோயிலையும் அதனோடு இணைத்துப் பேசுவர். அம்மன்னன் யார் என்ற வினாவை எழுப்பும் ஆய்வாளர் ஒருவரல்லர், பல வீரபாண்டியரை எதிர்கொள்ள நேர்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஆதித்த கரிகாலனிடம் தோற்ற வீரபாண்டியன், 12ஆம் நூற்றாண்டு அரசுரிமைப் போரில் ஈழப்படையின் துணையைப் பெற்ற பராக்கிரம பாண்டியனின் மகன், 1253இல் ஆட்சி தொடங்கிய சடையவர்மன் வீரபாண்டியன், மாலிக் கபூரின் படையெடுப்புக் காலத்தில் சுந்தரபாண்டியனோடு அரியணைக்குப் போட்டியிட்டவன் என்று குறைந்தது நால்வரை வேறுபடுத்தியாக வேண்டும். பெயரை மட்டும் கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வரலாறாகாது. பாண்டியர் காலவரிசையைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றை, அவை வெளிவந்த வரிசையில் கற்பதே முதற்பணி.

அவ்வாறு கற்க முனைபவர் இயல்பாக நாடும் இடம் பல்கலைக்கழக நூலகம். தேனிப் பகுதி மதுரைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்டது. 1966இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. தேனி மாவட்டமோ 1996இல்தான் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கு பற்றிய பழைய நூல்களைப் பொருள்தலைப்பில் தேடுவோர் 'மதுரை மாவட்டம்' என்பதன்கீழ்த் தேடவேண்டும். இது எளிய செய்தியே எனினும் பலர் இங்கேயே தடுமாறுகின்றனர்.

பண்டாரத்தார் நூல்கள் எழுப்பும் வினா

தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிஞராகவே இன்று எண்ணப்படுகிறார். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அப்பல்கலைக்கழக வெளியீடாக 1949, 1951, 1961 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. ஆனால் அவர் அப்பல்கலைக்கழகத்தில் பணியேற்றது 1942இல். அதற்குமுன் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு குடந்தைப் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். 'முதற் குலோத்துங்க சோழன்' (1930), 'பாண்டியர் வரலாறு' (1940) ஆகிய இரண்டும் பள்ளியாசிரியராக இருந்தபோது வெளியிட்டவை. பணிக்காலத்தை அளவுகோலாகக் கொண்டால் தொகுப்பில் சோழர் நூல் இடம்பெறும். வீரபாண்டி ஆய்வாளருக்கு முதலில் வேண்டிய பாண்டியர் நூல் வெளியே நிற்கும். சோழர் நூலின் மூன்றாம் பகுதிக்கும் சிக்கல் உண்டு. அது அச்சாகும் முன்பே, 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பண்டாரத்தார் மறைந்துவிட்டார்.

ஆய்வுத்துறை இல்லாத பள்ளியொன்றில் வகுப்பெடுத்துக்கொண்டே கல்வெட்டுகளைத் திரட்டிப் பாண்டியர் வரலாற்றை அவர் தமிழில் எழுதினார் என்பது தமிழ் வரலாற்றெழுத்தியலில் முதன்மையான செய்தி. தலைப்புப் பக்கத்தில் பிற்காலப் பதவியை மட்டும் பதியும் நூற்பட்டியல் அச்செய்தியை அழித்துவிடுகிறது.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் நூல்களிலும் இதற்கு இணையான நிலை உண்டு. பாண்டிய அரசைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1929இல் இலண்டனில் வெளியாயிற்று. அவ்வாண்டில்தான் அவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சோழர் பற்றிய நூல் அப்பல்கலைக்கழக வரலாற்று வரிசையில் 1935, 1937ஆம் ஆண்டுகளில் வந்தது. திருத்திய பதிப்பு வெளியான 1955இல் அவர் அப்பதவியில் இல்லை. முதற்பதிப்பை மட்டும் பேணும் தொகுப்பில் அவர் தம் கருத்துகளை எங்கெங்கே மாற்றிக்கொண்டார் என்பதைக் காண இயலாது.

ஆசிரியர் நகர, நூல் நின்ற இடங்கள்

ஔவை சு. துரைசாமிப் பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சித் துறையிலிருந்து மதுரைத் தியாகராசர் கல்லூரிக்கு வந்தவர். 'ஞானாமிர்தம்' பதிப்பு (1954), ஐங்குறுநூற்று உரை (1957–58), 'சைவ இலக்கிய வரலாறு' (1958) ஆகியவற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது அவர் மதுரையில் இருந்தார். வெளியீட்டாளரை நோக்கின் இவை சிதம்பரத்திற்குரியவை. ஆசிரியரின் அப்போதைய பணியை நோக்கின் மதுரைக்குரியவை. இரண்டு நூலகங்களும் உரிமை கொண்டாடலாம். இரண்டுமே மற்றொன்றன் பொறுப்பென விட்டுவிடவும் கூடும். பின்னதே அடிக்கடி நேர்கிறது.

விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' இன்னும் கூர்மையான சான்று. அவர் 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் அந்நூலை வெளியிட்டதோ கரந்தைத் தமிழ்ச் சங்கம். இரு பல்கலைக்கழகங்களின் வெளியீட்டுப் பட்டியல்களை மட்டும் புரட்டுபவர் இந்நூலைக் காணவே மாட்டார்.

மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரன். அவருடைய தமிழ் இலக்கிய வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தமிழ் மொழி வரலாற்றைப் புனே தக்காணக் கல்லூரியும் 1965இல் ஆங்கிலத்தில் வெளியிட்டன. அவருக்குப் பின் துணைவேந்தரான மு. வரதராசனின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1972இல், அப்பதவிக் காலத்திலேயே வந்தது; வெளியீடு சாகித்திய அகாதெமி. துணைவேந்தர்களின் நூல்களே இவ்வாறு சிதறியிருக்க, விரிவுரையாளர்களின் நூல்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

பணியாளர் என்னும் சொல்

ஆசிரியரும் பணியாளரும் என்று தொகுப்பின் பெயரில் சேர்த்தெழுதுவது எளிது. பணியாளரின் எழுத்து எங்கே இருக்கிறது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தன. பிற்சேர்க்கையையும் கூட்ட 1,17,762 சொற்கள். முதற்பதிப்பாசிரியர் சாண்ட்லர், பின்னர்ப் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை, தலைமைத் தமிழ்ப் பண்டிதர் மு. இராகவையங்கார் ஆகியோர் பெயர்களை யாவரும் அறிவர். சொல்லுக்குச் சொல் மேற்கோள் திரட்டி அட்டையில் எழுதியோர் நூற்பட்டியலில் ஆசிரியர் ஆகார். எனினும் அப்பல்கலைக்கழகம் தமிழுக்குத் தந்தவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது அவர்கள் உழைப்பே.

நூலகரும் பணியாளரே. எஸ்.ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். உலகெங்கும் நூலகவியல் மாணவர் கற்கும் ஐந்து விதிகளைக் கூறும் நூல் அப்பணியிலிருந்தபோது, 1931இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது பல்கலைக்கழகமன்று; சென்னை நூலகச் சங்கம்.

சட்டம் தராத துணை

1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி பதிப்பாளர் தம் நூல்களைக் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றிற்கு அனுப்பவேண்டும். அவ்வரிசையில் பல்கலைக்கழக நூலகம் இல்லை. பேராசிரியர் ஒருவர் தனியார் பதிப்பகம் வழி வெளியிடும் நூல், அவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தை அடைவது விலைக்கு வாங்கினால் அல்லது அவரே கொடையளித்தால்தான். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நிலை 2009 விதிமுறைகளுக்குப் பின் மேம்பட்டது; மின்படி கட்டாயமாகி அவை 'சோத்கங்கா' தளத்தில் சேர்கின்றன. கருத்தரங்கக் கட்டுரைகள், மணிவிழா மலர்க் கட்டுரைகள், கல்லூரி ஆண்டிதழ்களில் வந்த ஊராய்வுகள் ஆகியவற்றுக்கு அத்தகைய காப்பு இல்லை. சிற்றூர் வரலாற்றிற்கு வேண்டிய தரவு பெரும்பாலும் இவற்றில்தான் கிடக்கிறது. வீரபாண்டி போன்ற ஊர்களைப் பொறுத்தவரை இதுவே பெரிய இழப்பு.

நூலகம் செய்யக்கூடியது செலவு மிக்கதன்று. ஒவ்வொரு நூலுக்கும் அது எழுதப்பட்டபோது ஆசிரியர் வகித்த பணி, அச்சானபோது இருந்த இடம், வெளியீட்டாளர் ஆகியவற்றைத் தனித்தனியே பதியலாம். தன்னிடம் இல்லாத நூலுக்கும் பதிவு வைத்து, அது கிடைக்கும் நூலகத்தைச் சுட்டலாம். ஓய்வுபெறுவோரிடம் நூற்பட்டியலோடு தனிப்படிகளையும் கேட்டுப் பெறலாம்.

பாண்டியர் காலவரிசைக்கு இன்னொரு சுட்டுப் பதிவும் தேவை. கும்பகோணம் ந. சேதுராமன் பல்கலைக்கழகப் பணியில் இருந்தவரல்லர். கல்வெட்டுகளிலுள்ள நாள், விண்மீன், திதிக் குறிப்புகளைக் கணக்கிட்டு அவர் எழுதிய பேரரசுப் பாண்டியர் காலவரிசை நூல் 1978இல் வெளியாயிற்று. சடையவர்மன் வீரபாண்டியர்களைப் பிரித்தறிய முனைவோர் இந்நூலைத் தவிர்க்க இயலாது. ஆசிரியர் படைப்புத் தொகுப்பின் அடுக்கில் அதற்கு இடமில்லை. ஆனால் பண்டாரத்தாரின் 'பாண்டியர் வரலாறு' நூலுக்குரிய பதிவின் அடியில், 'இதனோடு ஒப்பிட்டுக் காண்க' என அதன் பெயரை எழுதுவதற்கு எந்த விதியும் தடையில்லை.