சைக்கிள் தைனமோவும் பற்றறியின் ஆயுளும்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருள் அரிதாயிற்று. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. டோர்ச்சுக்குரிய சிறிய உலர்கலமும் அதற்குத் தப்பவில்லை. தீர்ந்த கலங்களை வெயிலில் வைத்து, எஞ்சிய வலுவைக் கறந்தெடுத்தவர்கள் பலர்.

செய்தி அறிய வானொலியே வழி. சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, தைனமோவின் மின்னால் வானொலி பேசிற்று. மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்தது. இடையில் ஒரு பற்றறி இருந்தால் இத்தொல்லை இல்லை. ஆனால் இருக்கும் பற்றறி பழுதாகிவிட்டால் வேறொன்று கிடைப்பது அரிது. எனவே அதற்கு எவ்வளவு வேகத்தில் மின்னேற்றுவது என்பது அக்காலத்தில் வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை.

ஈய அமிலப் பற்றறியை 1859இல் அமைத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே. மின்னை வழங்குகையில் அதன் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேற்றுப் படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைந்து, தகடுகள் பழைய நிலையை எய்துகின்றன. வெறுமையான பற்றறி மிகுந்த மின்னோட்டத்தையும் தாங்கிக்கொள்ளும். நிரம்ப நிரம்ப அதன் பசி குறையும். கலமொன்றின் அழுத்தம் ஏறத்தாழ 2.4 வோல்ற்றைக் கடந்த பின்னும் மின்னைத் திணித்தால், அது நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். அக்குமிழிகள் நேர்த்தகட்டின் பொருளை உதிர்க்கும், சட்டம் அரிக்கப்படும், கலம் சூடேறும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. குடாநாட்டின் கோடையில் இக்கணக்கு தொடக்கத்திலேயே பற்றறிக்குப் பாதகமானது. 40 அம்பியர்மணிப் பற்றறிக்கு 4 அம்பியர் போதும் என்னும் பழைய பத்து மணிநேர விதி இவ்வாறு தோன்றியதே.

இவ்வளவில் தைனமோ சாதுவானது. 6 வோல்ற்று, 3 உவாற்றுத் தைனமோ தருவது அரை அம்பியர் மாத்திரமே. மோட்டார் சைக்கிளின் 4 அம்பியர்மணிப் பற்றறியை நிரப்ப எட்டு மணிநேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும்! எந்தக் கால்கள் அதற்கு உடன்படும்? செய்தி முடிந்ததும் மிதிப்பும் நின்றுவிடும். ஆகவே மெதுவாக மின்னேற்றுவதால் பற்றறிக்குத் தீங்கில்லை. அரைகுறையாக நிறுத்துவதே தீங்கு. கரையாது எஞ்சிய சல்பேற்று நாளடைவில் கடினமான பளிங்குகளாகிப் பின்னர் கரைய மறுக்கும். விரைவு தகட்டை உதிர்த்தது போலவே, நிறைவின்மை தகட்டை அடைத்துவிடுகிறது.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடைகள் தளர்ந்தன. ஏ9 வீதி திறந்தது. போர் முடிந்தபின் குடாநாடு தேசிய மின்வலையுடன் மீண்டும் இணைந்தது. ஆயினும் 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டபோது, பழைய கேள்வி இன்வேட்டர் வைத்திருந்த வீடுகளின் கதவைத் தட்டிற்று. கிடைக்கும் சில மணிநேரத்துக்குள் பற்றறி நிரம்பியாக வேண்டும். நல்ல மின்னேற்றிகள் முதலில் விரைந்து ஊட்டி, 2.4 வோல்ற்றை அண்டியதும் ஓட்டத்தைத் தாமே குறைத்து, நிரம்பியபின் சொற்ப அழுத்தத்தில் நிறுத்திவைக்கின்றன. சைக்கிள் மிதித்தவருக்கு அந்த இறுதிக்கட்டம் எட்டவேயில்லை.