பிறவிச் சிபிலிஸ்: பச்சிளங்குழந்தைகளில் நோயறியும் பயிற்சி – சென்னை முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

பிறவிச் சிபிலிஸ் என்பது கருவுற்ற தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்குப் பரவும் நோயாகும். 'திரிபோனிமா பாலிடம்' என்னும் சுருள் வடிவ பாக்டீரியா இந்நோயை உண்டாக்குகிறது. தாய்க்கு உரிய காலத்தில் பென்சிலின் ஊசி செலுத்தினால் குழந்தையைக் காத்துவிடலாம். ஆயினும், 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 6,61,000 பிறவிச் சிபிலிஸ் நேர்வுகள் இருந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றுள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை, கருவிலோ பிறந்த சில நாட்களிலோ இறப்பில் முடிந்தன. இந்நோயை இனங்காண மருத்துவர்கள் எவ்வாறு கற்றனர், அத்திறன் ஏன் மீண்டும் மீண்டும் கற்பிக்கப்பட வேண்டியுள்ளது, தேனி மாவட்டம் போன்ற ஒரு பகுதியில் அதற்கு என்ன பொருள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்களும் பெயர் மயக்கமும்

சிபிலிசுக்குத் தமிழில் மேகநோய், மேகப்புண், கிரந்தி, பறங்கிப்புண் எனப் பல பெயர்கள் உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பகுதிக்கு வந்ததற்குப் பின்னர், போர்ச்சுக்கீசியரோடு இந்நோய் இந்தியக் கரைகளை அடைந்ததாகக் கருதப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பாவப்பிரகாசம்' என்னும் வடமொழி மருத்துவ நூல் இதனைப் 'பிரங்க ரோகம்' என்று குறிப்பிடுகிறது. பிரங்கர் என்றாலும் பறங்கியர் என்றாலும் ஐரோப்பியரே. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட கிழங்கு, 'பறங்கிப்பட்டை' என்ற பெயரில் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

கிராமங்களில் குழந்தையின் தோலில் தோன்றும் பலவகைத் தடிப்புகளையும் 'கரப்பான்', 'கிரந்தி' என்று சொல்வது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை சிபிலிஸ் அல்ல. எனவே, பாட்டி 'கிரந்தி' என்று சொன்னதும் மருத்துவர் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் கண்ட குழந்தையை 'வெறும் கரப்பான்' என்று அனுப்பிவிடவும் கூடாது. இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் 'சிபிலிஸ்' என்ற சொல் ஆளப்படுகிறது.

குழந்தையின் உடலில் நோயைப் படித்த காலம்

19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களிடம் ஆய்வுக்கூடச் சோதனை இல்லை; கண்ணே கருவி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜொனாதன் ஹட்சின்சன், வெட்டுப் பள்ளம் விழுந்த முன்பற்கள், கருவிழி அழற்சி, காது கேளாமை ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்த்தார். இவை 'ஹட்சின்சன் மும்மை' எனப்படுகின்றன. பிரான்சைச் சேர்ந்த ஜூல்ஸ் பாரோ, எலும்பு வலியால் கைகால்களை அசைக்காமல் கிடக்கும் குழந்தையைப் பற்றி எழுதினார். பார்வைக்குப் பக்கவாதம் போலத் தோன்றும் அந்நிலை 'பாரோவின் பொய் வாதம்' என்று அழைக்கப்படுகிறது.

அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1837இல் வியப்பான ஒன்றைப் பதிவு செய்தார். நோயுற்ற குழந்தைக்குப் பாலூட்டும் செவிலித்தாய்க்கு நோய் தொற்றியது. பெற்ற தாய்க்கோ தொற்றவில்லை. தாய்க்கு ஏதோ எதிர்ப்பாற்றல் உள்ளது என்று பலர் எண்ணினர். 1905இல் ஷாடின், ஹாப்மன் ஆகியோர் நோய்க்கிருமியைக் கண்டறிந்தனர். 1906இல் வாசர்மன் இரத்தச் சோதனை வந்தது. அதன் பிறகே உண்மை விளங்கியது: அத்தாய்மார்களுக்கு நோய் ஏற்கெனவே இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவே. நலமாகத் தோன்றும் தாய்க்கும் சோதனை தேவை என்ற இன்றைய விதியின் வேர் இதுவே.

சென்னை மாகாணத்தில்

ஆங்கிலேயர் ஆட்சியில் பால்வினை நோய்கள் முதலில் படைவீரர்களின் சிக்கலாகவே பார்க்கப்பட்டன. படைமுகாம்களை ஒட்டி 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட மருத்துவமனைகள் நடத்தப்பட்டன. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுக்கும் கட்டாயச் சோதனைக்கும் உட்படுத்தியது. எதிர்ப்பு வலுத்ததால் அச்சட்டம் 1888இல் நீக்கப்பட்டது. வீரரைக் காப்பதே அதன் நோக்கம். தாயும் குழந்தையும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

பின்னர், சென்னை மருத்துவக் கல்லூரியையும் அரசு பொது மருத்துவமனையையும் சார்ந்து பால்வினை நோய்களுக்கெனத் தனித்துறை வளர்ந்தது. ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகியோர் அத்துறையின் முன்னோடிகள். 'டொனோவனோசிஸ்' என்னும் மற்றொரு பால்வினை நோய் குறித்து அவர்கள் எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954இல் வெளியிட்டது. இந்நோய்களைக் கண்டறியவும் பிறருக்குக் கற்பிக்கவும் தமிழகத்தில் ஒரு மரபு உருவாகியிருந்ததற்கு இது சான்று.

பென்சிலினும் மறதியும்

1943இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மகோனி சிபிலிஸ் நோயாளிகள் நால்வரைப் பென்சிலினால் குணப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அம்மருந்து வழங்கப்பட்டது. நோய் வேகமாகக் குறைந்தது.

நோய் குறைந்தபோது அதை அறியும் பழக்கமும் குறைந்தது. பாடநூலில் ஹட்சின்சன் பற்களின் படத்தைப் பார்த்துத் தேர்வெழுதிய மாணவர், பணிக்காலம் முழுவதும் ஒரு நேர்வைக்கூடச் சந்திக்காமல் இருக்கலாம். அபூர்வ நோய் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், எதிரே வரும் நேர்வும் கண்ணில் படாது. அமெரிக்காவில் 2012இல் 335 ஆக இருந்த பிறவிச் சிபிலிஸ் நேர்வுகள் 2022இல் 3,700ஐத் தாண்டின. வசதி மிக்க நாட்டிலும் கவனம் தளர்ந்தால் நோய் திரும்பும்.

இந்தியாவில் மற்றொரு தடையும் இருந்தது. பென்சிலின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்ற அச்சத்தால், அந்த ஊசியைப் போடவே பல மருத்துவர்கள் தயங்கினர். நீண்டகாலம் செயல்படும் பென்சாத்தின் பென்சிலினுக்கு உலகளவில் தட்டுப்பாடும் ஏற்பட்டது. 2016ஆம் ஆண்டு உலக சுகாதார மாநாடு அதனைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். அதன் பின் பால்வினை நோய் மருத்துவம் புத்துயிர் பெற்றது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்களும் சுகவாழ்வு மையங்களும் ஏற்பட்டன. 2015இல் இந்திய அரசு பிறவிச் சிபிலிஸ் ஒழிப்புக்கெனத் தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சிபிலிஸ் சோதனை செய்வது அதன் அடிப்படை.

கம்பம் பள்ளத்தாக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் நெல்லும், பிற்காலத்தில் திராட்சையும் இங்குச் செழித்தன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடிவதற்குள் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். சிலர் தோட்ட வீடுகளிலேயே மாதக்கணக்கில் தங்குகின்றனர்.

1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள், நிலை மோசமான பச்சிளங்குழந்தையைக் கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுரை அரசு மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏற்பட்ட பின் அந்தத் தொலைவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அங்குப் பயிலும் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களுமே பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செல்கின்றனர். ஆகவே பயிற்சியின் முதல் களம் அதுவே.

இப்பகுதியில் ஒரு கர்ப்பிணியின் மருத்துவப் பதிவு எங்கெல்லாம் அறுபடக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். முதல் சோதனை கேரளத் தோட்டப் பகுதியில் நடந்திருக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். தலைப்பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடக்கும். சோதனைச் சீட்டு ஓரிடம், பெண் ஓரிடம், குழந்தை பிறப்பது வேறோரிடம். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் இழப்பு குழந்தைக்கு.

பயிற்சியில் கற்பிக்கப்படுபவை

1. தாயின் சீட்டைப் படித்தல்: நோயுற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இன்றி நலமாகவே தோன்றுவர். எனவே குழந்தையைப் பார்க்குமுன் தாயின் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். முடிவைப் பார்க்க வேண்டும். சீட்டு இல்லையெனில் உடனே சோதனை செய்ய வேண்டும். தாயின் நிலை தெரியாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாகாது.

2. நாட்களை எண்ணுதல்: தாய்க்கு நோயின் தொடக்கநிலையில் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஒருமுறை போதும். நோய் எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் தேவை. சிகிச்சை பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வளைகாப்பு முடிந்து வந்த பெண்ணுக்கு அன்றே சோதனை செய்தால் இதற்குப் போதிய காலம் உண்டு. வேறு வகை மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைக் காப்பதாக நம்ப முடியாது.

3. குழந்தையை ஆராய்தல்: விடாத மூக்கொழுகல், உள்ளங்கை உள்ளங்கால் கொப்புளங்கள், தோலுரிதல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், மஞ்சள் காமாலை, இரத்தசோகை, அசையாத கை அல்லது கால் ஆகியவற்றைத் தேட வேண்டும். மூக்கொழுகலைச் சளி என்றும் மஞ்சள் காமாலையை இயல்பானது என்றும் முடிவு செய்வது எளிது. தாயின் சீட்டோடு சேர்த்துப் பார்க்கும்போதே அவை பொருள் பெறும்.

4. சோதனை முடிவை ஒப்பிடுதல்: தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருவதால், குழந்தையின் இரத்தம் நோயில்லாமலே எதிர்வினை காட்டலாம். தாயின் அளவு 1:8 ஆகவும் குழந்தையின் அளவு 1:32 ஆகவும் இருந்தால், அதாவது நான்கு மடங்கு உயர்ந்திருந்தால், நோய் பெரிதும் உறுதியாகிறது. அளவு குறைவாக இருப்பதால் மட்டும் நோய் இல்லையென்று கொள்ளலாகாது.

5. சிகிச்சையை முடித்தல்: நோய் உறுதியானால் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50,000 யூனிட் பென்சிலின் நரம்பு வழியாகச் செலுத்தப்படும். முதல் 7 நாட்கள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 10 நாட்கள். 2.5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை அளவு 1,25,000 யூனிட். பிறந்த அன்றே தொடங்கினால் 23 வேளைகள். ஒரு நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றாடக் கூலியை நம்பும் குடும்பத்துக்குப் பத்து நாள் மருத்துவமனையில் தங்குவது எளிதன்று. ஏன் தங்க வேண்டும் என்பதைப் புரியவைப்பதும் சிகிச்சையின் பகுதியே.

6. பேசும் முறை: பிரசவ வார்டில் தாயின் அருகே மாமியாரும் நாத்தனாரும் இருப்பர். அங்கு நோயின் பெயரை உரக்கச் சொன்னால், அந்தப் பெண்ணின் வாழ்க்கை குலைந்துபோகலாம். தனியே அழைத்துப் பேச வேண்டும். தொற்று பல ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டிருக்கலாம் என்பதையும், யார் மூலம் வந்தது என்று சோதனை சொல்லாது என்பதையும் விளக்க வேண்டும். கணவருக்கும் சிகிச்சை அளிக்காவிட்டால் தாய்க்கு மீண்டும் தொற்றக்கூடும்.

இலங்கையின் முன்மாதிரி

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக 2015இல் கியூபா முதன்முதலில் அங்கீகாரம் பெற்றது. 2019இல் இலங்கையும் அந்நிலையை அடைந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தாய்மாரும் அந்நாட்டில் அடங்குவர். வீடுதேடிச் செல்லும் குடும்பநல மருத்துவ மாதுக்கள், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தச் சோதனை, முடிவைப் பின்தொடர்தல் ஆகியவை அதன் அடித்தளம். தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர் அமைப்பும் அதற்கு இணையான வலிமை கொண்டதே.

ஹட்சின்சன் கண்ட பற்கள், சிகிச்சை தவறிய குழந்தையின் வாயில் பல ஆண்டுகள் கழித்து முளைத்தவை. இன்றைய பயிற்சி அந்த அடையாளத்துக்காகக் காத்திருப்பதில்லை. கம்பத்தில் ஜீப் ஏறும் ஒரு கர்ப்பிணியின் கைப்பையில் இருக்கும் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் அது தொடங்குகிறது.