ஏழாண்டு என்னும் சொல்லின் பொருள்

திரைப்படம் பார்ப்போர் நடிகரை அறிவர், நெறியாளரையும் அறிவர். படத்தின் பின்னணியில் ஒப்பந்தங்களை வரைந்தும் வாதிட்டும் உழைக்கும் சட்டத்தரணியை அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும் அத்தகைய ஒருவர் ஒரு சொல்லுக்குக் கண்ட பொருள், ஹொலிவூட்டின் வழமையையே மாற்றியதுண்டு.

1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படநிறுவனங்கள் நடிகரை ஏழாண்டு ஒப்பந்தத்தாற் பிணைத்திருந்தன. இடையில் நடிகரை விலக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. விலகும் உரிமை நடிகருக்கு இல்லை. கொடுத்த வேடத்தை மறுத்தவர் இடைநிறுத்தப்படுவார். சம்பளம் நிற்கும், நின்ற வாரங்களோ ஒப்பந்தத்தின் ஈற்றிற் சேர்க்கப்படும். ஆகவே, ஏழாண்டு ஏழாண்டில் முடிவதில்லை. இதனை எதிர்த்து இங்கிலாந்து சென்ற பெற் டேவிஸ் என்னும் நடிகை, 1936இல் அங்குள்ள நீதிமன்றத்தில் தோல்வியே கண்டார்.

அதே ஆண்டில் ஒலிவியா டி ஹவிலண்ட் வோணர் பிறதர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தஞ் செய்தார். 1939இல் வேறொரு தயாரிப்பாளருக்கு இரவலாகச் சென்று ‘கோன் வித் த விண்ட்’ படத்திற் புகழீட்டினார். திரும்பியபின் கிடைத்த வேடங்கள் மனத்துக்கு இசையவில்லை. மறுத்தார், இடைநிறுத்தப்பட்டார். 1943இல் ஏழாண்டு நிறைந்தபோது, இன்னும் ஏறத்தாழ ஆறு மாதம் கடமை உண்டென நிறுவனம் கூறிற்று.

அவருடைய சட்டத்தரணி மார்ட்டின் காங், கலிபோர்ணியாவின் தொழிற் சட்டக்கோவையைச் சுட்டினார். தனியாள் ஊழிய ஒப்பந்தத்தை ஏழாண்டுக்கு மேல் வலியுறுத்தலாகாது என்பது அதன் விதி. அஃது உழைத்த காலத்தின் ஏழாண்டு என்றது நிறுவனம். நாட்காட்டியின் ஏழாண்டு என்றார் காங். அவர் நட்டஈடு கேட்கவில்லை. சட்டத்தின் பொருளைப் பிரகடனஞ் செய்யுமாறே மன்றை வேண்டினார். வழக்கு நடக்கையில், நடிகையைச் சேர்க்கவேண்டாமென ஏனைய நிறுவனங்களுக்குக் கடிதங்கள் சென்றன. இளமையின் பயன்மிக்க ஏறத்தாழ ஈராண்டு அவர் புதிய படமெதிலும் நடிக்கவில்லை. தோற்றிருப்பின் அவருடைய கலைவாழ்வே குலைந்திருக்கக் கூடும்.

1944 டிசம்பர் 8ஆம் நாள் மேன்முறையீட்டு மன்று அவர்பக்கம் தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காக ஆக்கப்பட்ட காப்பைத் தனியாளின் கையொப்பம் அழிக்காது என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. விடுதலைபெற்ற ஒலிவியா 1946, 1949ஆம் ஆண்டுப் படங்களுக்காக இருமுறை ஒஸ்கார் பரிசு பெற்றார். 2020இல், 104ஆம் வயதிற் காலமானார்.

அவர் பெயரால் வழங்கும் அவ்விதி தொலைக்காட்சிக்கும் உதவியது. 2012இல் ‘மொடேர்ண் பமிலி’ தொடரின் நடிகர் சிலர் அதனையே காட்டி வழக்கிட்டனர். எனினும், 1987இல் இசைத்தட்டு நிறுவனங்களுக்குச் சார்பான ஒரு திருத்தம் அவ்விதியிற் புகுந்தது.

அவ்விதி வழக்குக்கு முன்பே ஏட்டில் இருந்தது. அதற்கு உயிரளித்தவை ஒரு நடிகையின் துணிவும் ஒரு சட்டத்தரணியின் கூர்மையுமாம். ஏட்டிலுள்ள உரிமை, கேட்பாருக்கே உரிமையாகும்.