எண் காட்டும் இடம்: ஹடப்சரிலிருந்து ஓர் ஆராய்ச்சி

புனா நகரத்தின் கீழ்த்திசையில், சோலாப்பூர் சாலையை விட்டு சாஸ்வட் சாலை பிரிந்து செல்லும் ஹடப்சர் காடிதள் சந்தியில் நிற்கும் பிரயாணி, ஏறத்தாழ 18 பாகை 30 கலை வட அட்சத்திலும் 73 பாகை 56 கலை கிழக்குத் தீர்க்கத்திலும் நிற்கிறான் என்பதை அவன் கைபேசி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. சேனைகளுக்கும் அரசாங்கங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த இந்த ஞானம் சாமானிய மனிதனின் உல்லாச யாத்திரைக்குத் துணையாக வந்து சேர்ந்த சரித்திரத்தை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜியோகேச்சிங் என்று வழங்கும் விளையாட்டில், ஒருவர் மழைக்கு நனையாத பெட்டியொன்றை மறைத்து வைத்து அதன் அட்ச தீர்க்க எண்களை வெளியிடுகிறார். முன்பின் அறியாத மற்றொருவர் அவ்வெண்களைப் பின்பற்றிச் சென்று, பெட்டியைக் கண்டு, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்புகிறார். ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் சமிக்ஞையில், ராணுவ எச்சரிக்கை கருதி அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையினால், அதுவரை சாதாரண மக்களுக்கு இடக்கணக்கு சுமார் நூறு மீட்டர் வரை பிசகிக்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவினால் அப்பிழை நீங்கியது. மே 3-ஆம் தேதியே, ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில், புத்தகங்களும் ஒரு கவண்வில்லும் இட்ட கறுப்பு வாளியொன்றை டேவ் அல்மர் என்பவர் மறைத்து வைத்தார். தடை நீங்கி இரண்டு நாள் கழிவதற்குள் போர்க்கருவியொன்று விளையாட்டுப் பொருளாயிற்று என்பது, என் அபிப்பிராயத்தில், அண்மைக்கால விஞ்ஞான சரித்திரத்தின் மிக மங்களகரமான நிகழ்ச்சிகளுள் ஒன்று.

ஆயினும் இவ்விளையாட்டு அன்று பிறந்தது எனல் பொருந்தாது. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு வெளியில், கிரான்மியர் குளத்தருகே, 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி ஒரு புட்டியை வைத்து, அங்கே நடந்து வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். நம் தேசத்தில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய கல்லொன்று உண்டு. தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லில், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இருபத்தொன்பது காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளும்படி பெரிதும் சிறிதுமாகக் குழிகளும் குடைந்திருக்கிறார்கள். முகம் அறியாத வழிப்போக்கனுக்காக ஒருவன் எண்ணை விட்டுச் செல்லும் பரிவு அந்தக் குழிகளிலேயே இருக்கிறது.

இனி, எண்ணின் கதைக்கு வருவோம். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில், ஆங்கிலேயப் படை அதிகாரியான வில்லியம் லாம்ப்டன், தேசத்தை அளக்கும் திட்டத்துக்காக நூறடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியைத் தரையில் நீட்டி, ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அவ்வளவு தூரத்துக்கு ஐம்பத்தேழு நாட்கள் பிடித்தன. அரை டன் கனமுள்ள கோணமானியைக் கோபுரங்களின் மேலும் குன்றுகளின் மேலும் ஏற்றியே அவர் அளவை தெற்கும் வடக்கும் பரவியது; 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சிதைந்ததும், லாம்ப்டன் தம் கூடாரத்துக்குள் அடைபட்டுப் பல வாரம் உழைத்து அதைச் செப்பனிட்டதும் பிரசித்தம். பரங்கிமலையில் சங்கிலி நீண்ட அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி, தீபாவளியன்று, இதே ஹடப்சர் வெளியில் மராட்டியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர், பேஷ்வாவும் சிந்தியாவும் சேர்த்து நிறுத்திய சேனையை முறியடித்தார். தோற்றோடிய பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் டிசம்பர் 31-இல் வசாய் உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்குக் கையெழுத்திட்டார். மறு ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி புனாவுக்குள் நுழைந்தார். லாம்ப்டன் அவருடைய 33-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அளவைத் திட்டத்துக்கு வெல்லெஸ்லியின் ஆதரவும் இருந்தது. நிலத்தை அளந்த சங்கிலியும் நிலத்தைக் கொண்ட வாளும் ஒரே பாசறையிலிருந்து புறப்பட்டவை என்பதை இவ்வூரில் நின்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அப்படியானால் ஹடப்சரில் பெட்டி மறைத்து விளையாடலாமா? கூடாது என்பதே என் துணிவு. 2010 பிப்ரவரி 13-ஆம் தேதி, இதே நகரத்தின் கோரேகாவ் பார்க் பகுதியில், ஜெர்மன் பேக்கரியில் கேட்பாரற்றுக் கிடந்த பையொன்று வெடித்துப் பதினேழு உயிர்கள் மாண்டன. அந்த நினைவைச் சுமக்கும் ஊரில் உடையவன் இல்லாத பெட்டி விளையாட்டுப் பொருளாகாது. நல்ல வேளையாக, 2004 முதல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியால் எர்த்கேச் என்னும் பெட்டியில்லாத வகை வழக்கத்துக்கு வந்திருக்கிறது. எண் காட்டும் இடத்துக்குச் சென்று, பாறையையும் மண்ணையும் கூர்ந்து நோக்கி, கேட்ட கேள்விக்கு விடை எழுதி அனுப்புவதே அதன் முறை. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கரும்பாறையின் மீது அமைந்த பிரதேசத்துக்கு, அதிலும் திவே காட் மலைப்பாதைக்கு, இதைக்காட்டிலும் பொருத்தமானது வேறில்லை.

அந்தத் திவே காட் வழியே யாத்திரை ஒன்றும் போகிறது. பண்டரிபுர யாத்திரையில் மராட்டிய அருளாளர்களான ஞானேசுவரரின் பல்லக்கும் துக்காராமின் பல்லக்கும் புனாவில் தங்கிப் புறப்பட்டு, ஹடப்சரில் பிரிகின்றன. முன்னது திவே காட் ஏறி சாஸ்வட் செல்ல, பின்னது லோணி காள்போர் வழியே போகிறது. துளசி மாடத்தைத் தலையில் ஏந்திய பெண்கள் அச்சந்தியில் நின்று மற்றப் பல்லக்கைத் திரும்பித் திரும்பி வணங்குவார்கள். இவ்வட்டாரத்தில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் இளைஞர்களை நான் வேண்டுவது ஒன்றே: அடுத்த யாத்திரையன்று அச்சந்தியில் நின்று பார்த்து, அவ்விடத்தின் எண்ணையும், அங்கே வந்து பார்த்தவன் மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள்.